3.75 லட்ச ரூபாய் ஏர் ரைபிள் இப்போது தேவையா?

வாசகர் கேள்வி – பதில்: துப்பாக்கி சுடுதல்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை ஆண்டுகளாக எங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயின்று வருகிறாள். கிளப் துப்பாக்கியில்தான் சுடுகிறாள்; 60 குண்டுகளுக்கு ஏறத்தாழ 575 புள்ளிகள் எடுக்கிறாள். உடன் பயிலும் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் ஜெர்மன் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். "கிளப் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இனி மாநில அளவில் ஒன்றும் செய்ய முடியாது" என்று மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். விசாரித்ததில் விலை 3.75 லட்சம் என்றார்கள். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். நகையை அடகு வைத்தால்தான் வாங்க முடியும். வாங்கலாமா?
– ஒரு தாய், தென் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் மகளுக்குச் சொந்தத் துப்பாக்கி தேவைப்படும் காலம் நெருங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சொந்தத் துப்பாக்கி என்பதும் விலை உயர்ந்த துப்பாக்கி என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இலக்கைப் பற்றி. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெண்புள்ளி மட்டுமே. ஏர் ரைபிளில் சுடும் ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும், அதாவது, பெல்லட்டின் நடுப்பகுதி இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அதற்கு உள்ளே ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி கூடும். வெளியே அதே அளவில் குறையும். அதிகபட்சம் 10.9. 60 குண்டுகளுக்கு 654.0 என்பதுதான் முழுமதிப்பெண்.

உங்கள் மகளின் 575-ஐ 60-ஆல் வகுத்தால் குண்டுக்கு 9.58 வருகிறது. இந்தப் புள்ளிக்கணக்கைத் திருப்பிப் போட்டால், அவளுடைய குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக மூன்றரை மில்லிமீட்டர் விலகி விழுகின்றன என்று தெரியும். இந்த விலகலில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, அவளுடைய நிற்கும் நிலை, மூச்சு, விரல் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. கிளப் துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பொருத்திச் சுட்டால் குண்டுகள் சராசரியாக 0.8 மில்லிமீட்டர் விலகுகின்றன என்றும், புதிய துப்பாக்கியில் அது 0.4 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு விலகல்களும் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்து கர்ணம் ஆவதுபோல, வர்க்கமாகக் கூட்டி மூலம் காண வேண்டும். அப்படிக் கணக்கிட்டால், புதிய துப்பாக்கியின் குழல் உங்கள் மகளுக்குத் தருவது 60 குண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு புள்ளிகளுக்கும் குறைவு. 575 என்பது 577-ஐக்கூட எட்டாது.

இதே மாற்றத்தை 630 எடுக்கும் ஒருவருக்குச் செய்துபாருங்கள். அவருடைய மொத்த விலகலே சராசரியாக ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். அதில் 0.8 துப்பாக்கியினுடையது என்றால், அதைப் பாதியாக்கும்போது அவருக்கு ஏறத்தாழ ஐந்து புள்ளிகள் கிடைக்கும். அந்த உயரத்தில் ஐந்து புள்ளி என்பது சாதாரணமானதன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றில் 630.7 எடுத்தார். குண்டுக்கு 10.5-க்கும் மேல் சராசரி. ஆயினும் 10-ஆம் இடம்தான் கிடைத்தது, இறுதிச்சுற்றுக்குப் போனவர்கள் எட்டுப்பேர். அங்கே நிற்பவர்களுக்கு விலை உயர்ந்த துப்பாக்கி ஆடம்பரமன்று, தேவை. ஒரே துப்பாக்கி ஒருவருக்குத் தேவையாகவும் இன்னொருவருக்கு வீண்செலவாகவும் இருப்பது இப்படித்தான்.

அப்படியானால் அந்த 3.75 லட்சம் எதற்குப் போகிறது? குழலுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கிப் பொருத்திச் சுட்டால் குண்டுகள் ஒரே துளையில் போக வேண்டும் என்ற சிக்கலை ஜெர்மன் தொழிற்சாலைகள் 1970-களிலேயே தீர்த்துவிட்டன. அந்தக் காலத்து ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் துப்பாக்கி, ஸ்பிரிங் விசையில் இயங்கி, சுடும்போது உடற்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் பின்னோக்கி நகர்ந்து அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும் அமைப்புடையது. நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தால் அது இன்றும் ஒரே துளையில்தான் சுடும். அதன்பின் வந்த முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் மனித உடலுக்காகச் செய்யப்பட்டது: டிரிகரை அழுத்திய கணத்துக்கும் பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைத்தது, அழுத்திய காற்றுச் சிலிண்டர், அதிர்ச்சி தாங்கி, எல்லாத் திசையிலும் நகர்த்தக்கூடிய அலுமினிய ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டைப் பகுதி), தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னம் பதியும் சீக் பீஸும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், அன்ஷூட்ஸ், பர்தினி என எந்தப் பெயரைச் சொன்னாலும் உயர்ந்த மாடலுக்கும் அதே நிறுவனத்தின் எளிய மாடலுக்கும் உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தப் பொருத்தும் வசதிகளில்தான் இருக்கிறது.

இங்கேதான் மற்றப் பெற்றோர் சொல்வதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கிளப் துப்பாக்கியின் குறை பெரும்பாலும் அதன் குழலில் இல்லை. பலர் கைமாறுவதில் இருக்கிறது. காலையில் ஒரு பையன் பட் பிளேட்டைத் தாழ்த்துகிறான், மாலையில் இன்னொரு பெண் சீக் பீஸை ஏற்றுகிறாள், கண் வைத்துக் குறிபார்க்கும் துளையான பீப் சைட் நாளுக்கு ஒரு தூரத்தில் இருக்கிறது. உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் புதிய துப்பாக்கி ஒன்றைச் சந்திக்கிறாள் என்றே சொல்ல வேண்டும். நின்ற நிலையில் சுடும் இந்த விளையாட்டு, உடம்பை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம்தான். துப்பாக்கி மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் வேர் பிடிக்காது. 575-லிருந்து 600-க்குப் போவதற்கு அவளுக்குத் தடையாக இருப்பது இதுவாக இருக்கலாம்.

எனவே முதல் வேலையாக, வாரத்தில் சில நாட்களாவது ஒரே துப்பாக்கியை அவளுக்கென்று ஒதுக்கித் தர முடியுமா என்று கிளப் செயலாளரிடம் கேளுங்கள். முடியாவிட்டால், பட் பிளேட், சீக் பீஸ், சைட் ஆகியவற்றின் அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, சுடத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் அவளே அந்த அளவுகளுக்குக் கொண்டுவரட்டும். பத்து நிமிடம் பிடிக்கும்; அந்தப் பத்து நிமிடம் வீணாகாது. இரண்டாவதாக, பயிற்சியாளரை முன்னிலையில் வைத்து அந்தத் துப்பாக்கியைப் பெஞ்சில் பொருத்தி, பத்துப் பத்துக் குண்டுகளாக ஐந்து அட்டைகளில் சுட்டுப்பாருங்கள். மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்தால் அது எதையும் நிரூபிக்காது. தொழிற்சாலை துப்பாக்கியோடு அனுப்பும் சோதனை அட்டையிலும் பெரும்பாலும் ஐந்து குண்டுகள்தான் இருக்கும். அதைச் சட்டம் போட்டு மாட்டலாமே தவிர, அதை நம்பி லட்சங்களைச் செலவழிக்கக் கூடாது. ஐந்து அட்டைகளிலும் எந்தக் குண்டும் பத்துப் புள்ளிக்குக் குறையாமல் விழுந்தால், உங்கள் மகளின் 9.58-க்குக் காரணம் அந்தத் துப்பாக்கி அல்ல.

இந்தச் சோதனையைச் செய்யும்போது பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். போட்டிக்கென்று செய்யப்படும் மேட்ச் பெல்லட்டுகள் 4.49, 4.50 என்று தலைப்பகுதியின் விட்டம் குறிக்கப்பட்டு வருகின்றன. ஒரு குழலுக்குப் பிடித்த பெல்லட் இன்னொரு குழலுக்குப் பிடிப்பதில்லை. பழைய துப்பாக்கி என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஒன்று, வேறு டப்பா பெல்லட் கிடைத்ததும் உயிர்பெற்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, உங்களிடம் கேட்கப்படாத செலவு ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 80 குண்டுகள் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பெல்லட்டுகள். 500 பெல்லட்டுகள் கொண்ட டப்பாவாகக் கணக்கிட்டால் 40 டப்பாக்கள். உங்கள் ஊரில் நல்ல மேட்ச் பெல்லட் டப்பா என்ன விலை என்று கேட்டு 40-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதோடு கிளப் கட்டணம், போட்டிகளுக்கான பயணம், அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட், பேன்ட், காலணி. வளரும் பிள்ளைக்கு ஜாக்கெட் ஓரிரு ஆண்டில் சிறியதாகிவிடும். துப்பாக்கிக்காக நகையை வைத்துவிட்டு, பெல்லட் வாங்கப் பணமில்லாமல் வாரத்துக்கு இரண்டு நாளாகப் பயிற்சியைக் குறைத்துக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போது எந்தப் புள்ளியும் கூடாது. அவளுக்கு ஜாக்கெட்டும் காலணியும் சரியான அளவில் இல்லையென்றால், முதல் பணம் அதற்குப் போகட்டும். முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிப்பவை அவைதான், அவற்றால் வரும் முன்னேற்றம் முதல் மாதத்திலேயே அட்டையில் தெரியும்.

எடையையும் மறக்க வேண்டாம். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக ஒன்பதாம் வகுப்புப் பெண் அந்த எடையைத் தாங்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான மாடலை இப்போதே வாங்கிக் கொடுத்தால், அவள் முதுகை வளைத்து எடையைச் சமன்செய்யக் கற்றுக்கொள்வாள். அதைப் பின்னால் திருத்துவது மிகவும் கடினம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் தந்தையிடம், "பையன் நன்றாக வருவான், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று நான் அவசரப்பட்டுச் சொன்னேன். அவர் கடன் வாங்கி வாங்கினார். பையன் பத்தாம் வகுப்புவரை சுட்டான். பதினொன்றில் நீட் பயிற்சியில் சேர்ந்ததும் ரேஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அதில் அவன் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி பாதி விலைக்கு விற்கப்பட்ட பின்னும் கடன் முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றிலிருந்து, ஒரு பிள்ளை பொதுத்தேர்வு ஆண்டைத் தாண்டியும் விளையாட்டில் நிற்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் பெரிய தொகையைச் செலவிடச் சொல்வதில்லை.

சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் குடும்பம் மனையை விற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது என்றும், அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார் என்றும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அந்தப் பெற்றோரின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் நம் காதுக்கு வருவது வென்ற வீட்டின் கதை மட்டுமே. மனையை விற்றும் பதக்கம் வராத வீடுகளைத் தேடி எந்தச் செய்தியாளரும் போவதில்லை.

ஆகவே என் ஆலோசனை இது. ஓராண்டு கிளப் துப்பாக்கியிலேயே, ஒரே அளவுகளில், ஒழுங்காகச் சுடட்டும். போட்டியில், பயிற்சியில் அல்ல, மூன்று முறை தொடர்ந்து 600-ஐத் தாண்டினால், எளிய மாடல் ஒன்றையோ நல்ல நிலையில் உள்ள பழைய துப்பாக்கி ஒன்றையோ வாங்குங்கள். 620-ஐத் தாண்டிய பிறகு உயர்ந்த மாடலைப் பற்றிப் பேசலாம். அந்த நிலையில் உதவித்தொகை, விளையாட்டு ஒதுக்கீடு, ஆதரவு நிறுவனம் என்று வேறு வழிகளும் திறக்கத் தொடங்கும்.

கேள்வி: எட்டு ஆண்டுகள் பழைய ஜெர்மன் மேட்ச் ஏர் ரைபிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. உரிமையாளர் விளையாட்டை விட்டுவிட்டார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ஒரு தந்தை, கோவை

பதில்: முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். காற்றுச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் காலக்கெடு நிர்ணயித்திருப்பார். பல மாடல்களில் அது 10 ஆண்டுகள். கெடு முடிந்த சிலிண்டரைப் போட்டிக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அது விதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று, 200 பார் அழுத்தம் கன்னத்துக்கு மிக அருகில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட துப்பாக்கிக்கு இரண்டே ஆண்டுகள் மீதமிருக்குமானால், புதிய சிலிண்டரின் விலையை இப்போதே விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

குழலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மென்மையான ஈயப் பெல்லட் மிதமான வேகத்தில் போவதால் ஏர் ரைபிள் குழல் எளிதில் தேய்வதில்லை. தவறான கம்பியால் சுத்தம் செய்து வாயைக் கீறியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உண்மையில் பழுதாவது காற்று கசியாமல் அடைக்கும் சீல்களும், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும்தான். சிலிண்டரை நிரப்பி, அழுத்தமானியின் முள்ளைப் படம் எடுத்து வைத்து, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். முள் கீழே இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. வேகமானி உள்ள இடத்தில் பத்துக் குண்டுகள் சுட்டுப்பாருங்கள். நொடிக்கு 170 மீட்டர் அளவில் வேகம் இருக்க வேண்டும்; அந்தப் பத்துக்குள் ஏற்ற இறக்கம் மூன்று மீட்டருக்கு மேல் போனால் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை. அந்த மாடலுக்கு உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைத்த துப்பாக்கி ஒரு சிறிய ரப்பர் வளையத்துக்காக ஆறு மாதம் பெட்டிக்குள் கிடப்பது மிகுந்த வேதனை.

உங்கள் பிள்ளையை அழைத்துப்போய்த் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட் பிளேட்டை முழுவதும் உள்ளே தள்ளிய பின்பும் ஸ்டாக் நீளமாக இருந்தால், எவ்வளவு மலிவானாலும் அது அவனுக்குரிய துப்பாக்கி அல்ல. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால் பிடியும் சைட்டும் மாற்றக்கூடியவையா என்பதையும் பாருங்கள்.

ஆவணங்கள்: 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் ஏர் ரைபிளின் ஆற்றல் அதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் முதல் ரசீதை வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, கைமாறியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இங்கே வலியுறுத்த வேண்டும்: சிலிண்டரில் உலர்ந்த காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பசையோடு ஆக்சிஜன் சேர்ந்தால் அது வெடிக்கும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். ஏர் ரைபிளில் 615 எடுக்கிறேன். 50 மீட்டர் .22 துப்பாக்கிக்கு மாறி, குப்புறப்படுத்துச் சுடும் பிரிவில் போட்டியிட விரும்புகிறேன். உயர்ந்த ரகத் துப்பாக்கி ஒன்றைத் தவணையில் வாங்கலாமா?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: தவணைக்கு முன் மூன்று செய்திகள். இது வெடிமருந்துத் துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உரிமம் கைக்கு வரும் முன் எந்தத் தொகையும் கொடுக்காதீர்கள். அடுத்து, குப்புறப்படுத்துச் சுடும் தனிப்பிரிவு 2016 ரியோ ஒலிம்பிக்கோடு அங்கிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் பிரிவுதான் அங்கே இருக்கிறது. உங்கள் கனவு ஒலிம்பிக் என்றால் மூன்று நிலைக்கும் பொருந்தும் துப்பாக்கியைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். .22-இல் துல்லியத்தைத் தீர்மானிப்பது குழலும் தோட்டாவும் சேர்ந்த இணை. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள தோட்டாவிலும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் ஒவ்வொரு விதமாகப் போகும். அதனால்தான் உயர்நிலை வீரர்கள் துப்பாக்கியைத் தோட்டாத் தொழிற்சாலைக்கே எடுத்துச் சென்று, பல தொகுதிகளைச் சுட்டுப்பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்குகிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இல்லாதபோது, விலை உயர்ந்த குழலின் நன்மையில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வராது. நல்ல தோட்டாவை ஆண்டு முழுவதும் வாங்க வழி இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதுவரை கிளப்பின் .22-இல் ஒரு பருவம் சுடுங்கள். 615 எடுப்பவருக்கு ஏர் ரைபிளிலும் இன்னும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

கேள்வி: வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். வாரம் மூன்று நாள் ஏர் ரைபிள் சுடுகிறேன். 560-ஐத் தாண்டியதில்லை, தாண்டுவேன் என்றும் தோன்றவில்லை. கையில் பணம் இருக்கிறது, கடன் இல்லை. நல்ல துப்பாக்கி வாங்குவது வீண் என்கிறார் மகன். நீங்களும் அதையே சொல்வீர்களா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: சொல்ல மாட்டேன், ஐயா. முதல் கேள்விக்கு நான் போட்ட கணக்கு, கடன் வாங்கிப் புள்ளிகளை வாங்க நினைப்பவர்களுக்கானது. உங்களுக்குப் புள்ளி கூடாது என்பது உங்களுக்கே தெரிகிறது. நல்ல டிரிகர், தோளில் சரியாகப் பதியும் ஸ்டாக், அதிர்ச்சியே இல்லாமல் பெல்லட் புறப்படும் அனுபவம் ஆகியவை கையில் எடுத்த முதல் நாளிலிருந்தே இன்பம் தருபவை. வாரம் மூன்று நாள் ரேஞ்சுக்குப் போகும் ஒருவர் அந்த இன்பத்துக்குத் தன் சேமிப்பிலிருந்து செலவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் உங்கள் வயதில் மாடலைத் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு. எடை குறைந்ததாகவும், முன்புற எடையைக் கழற்றக்கூடியதாகவும் பாருங்கள். இடுப்பும் முதுகும் அதற்கு நன்றி சொல்லும். கண்ணாடி அணிபவர் என்றால், துப்பாக்கிக்குச் செலவிடும் முன் கண் மருத்துவரிடம் முன்சைட்டின் தூரத்தைச் சொல்லி, சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். முன்சைட் வளையம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்குமானால், அந்தக் கண்ணாடியால் உங்கள் 560-கூட அசையக்கூடும். துப்பாக்கி வந்த பிறகு, முதல் இரண்டு வாரம் சைட்டைத் தொடாதீர்கள். குண்டு எங்கே விழுந்தாலும் விழட்டும். தோளும் கன்னமும் தமக்குரிய இடத்தைக் கண்டுகொண்ட பிறகு குறியைத் திருத்திக்கொள்ளலாம்.